நாற்பதில் காணாமல் போன வளையம்

முப்பத்தெட்டில் இருக்கிறது. நாற்பத்தொன்றில் இல்லை. கலாமணி மவுஸிலிருந்து கையை எடுத்தாள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நைட்டியின் ஓரத்தில் துடைத்தாள், மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். இருந்தது இருந்த இடத்திலேயே இருந்தது. பட்டாம்பூச்சியின் பின்னிறக்கை, அதன் அடிப்பக்கம், கீழோரம் வளைந்து திரும்புகிற மூலையில் உடைத்த கடுகு மாதிரி ஒரு கறுப்பு. அதைச் சுற்றி, மஞ்சள் என்று சொன்னால் மஞ்சள், இல்லையென்றால் இல்லை என்கிற மாதிரி ஒரு கோடு. அட, இது எங்கிருந்து வந்தது? நாலு மாதமாக இந்தப் படத்தைப் பார்க்கிறாள். கண்ணை மூடினால் அப்படியே வரைந்து காட்டுவாள். அதில் மூன்று வளையம். மூன்றே மூன்று. மேலே பெரிதாக ஒன்று, கீழே அடுத்தடுத்து இரண்டு. இந்த வகைப் பட்டாம்பூச்சிகளுக்கு வளையத்தை எண்ணித்தான் பேரே வைப்பது. மூன்று இருந்தால் மூவளையன், நாலு இருந்தால் நால்வளையன், ஐந்து இருந்தால் ஐவளையன். நால்வளையன் எங்கே பார்த்தாலும் பறக்கும், செக்போஸ்ட் கழிப்பறைச் சுவரில்கூட உட்கார்ந்திருக்கும். மூவளையனை, பட்டாம்பூச்சி பார்க்கிற குழுவோடு அவள் போய்வருகிற அந்த மலையில் இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. பார்த்தவள் கலாமணி. மலையின் பட்டாம்பூச்சிகளுக்கென்று குழுவில் போடுகிற புத்தகத்தில் ஒரு முழுப் பக்கம், படத்துக்குக் கீழே ‘முதல் பதிவு: கலாமணி, பள்ளிபாளையம்’. நாலு மணிக்குள் ஒரிஜினல் ஃபைல் வேண்டும், பெரிதாகப் போட ஏற்கெனவே அனுப்பின படம் பத்தாது என்று அச்சகத்துக்காரர் சொல்கிறார் என்று புத்தகத்தைத் தொகுக்கிற நந்தகுமார் சார் காலையிலேயே போன் பண்ணியாகிவிட்டது. இப்போது மணி இரண்டு நாற்பது. ஞாயிற்றுக்கிழமை. கறிக்குழம்பு சாப்பிட்ட கை இன்னும் மணக்கிறது. ஒரிஜினலைத் திறந்தோமா, முன்பு செய்த மாதிரியே எழுபதில் வைத்துத் துடைத்தோமா, அனுப்பினோமா, ஒரு தூக்கம் போட்டோமா என்று இருந்திருக்கலாம். எந்த நேரத்தில் அந்தப் பொத்தானைச் சுழிக்குத் தள்ளிப் பார்க்கத் தோன்றியதோ.

சும்மாதான் தள்ளினாள். வேண்டுமென்று ஒன்றும் இல்லை. திரையின் கீழே ஒரு கோடு, கோட்டின்மேல் ஒரு பொத்தான். இடது கோடியில் சுழி, வலது கோடியில் நூறு. இருட்டில் எடுத்த படத்தில் மணலை அள்ளித் தெளித்தாற்போல் புள்ளி புள்ளியாக வருமே, அதைத் துடைத்துக் கொடுக்கிற சாஃப்ட்வேர். வலப்பக்கம் தள்ளத் தள்ள மணல் போகும், இறக்கை வழவழவென்று ஆகும், பின்னால் இருக்கிற இலை பட்டுப்புடவை ஆகிவிடும். யூட்யூபில் ஒரு பையன் சொல்லிக்கொடுத்தான், ஐம்பதுக்கு மேலே போகாதீங்க ஃப்ரெண்ட்ஸ் என்று சொன்னானோ, எழுபதுக்கு மேலேயோ, அது இப்போது ஞாபகம் இல்லை. நாய்ஸ் என்றான். படத்தில் எதற்கு நாய்ஸ்? படம் என்ன கத்துகிறதா? அன்றைக்கே அது அவளுக்குள் மாட்டிக்கொண்டது. சத்தம் என்றால் அவளுக்குத் தெரிந்த சத்தம் தறிச் சத்தம். பிறந்ததே தறிக் கொட்டகைக்கு அடுத்த வீட்டில். எட்டுத் தறி ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் செத்தாலும் தெரியாது, ஆனால் அம்மா சோறு பிசைந்துகொண்டே தலையைத் திருப்பி, “மூணாந்தறியில இழை அறுந்துருச்சு, போய்ச் சொல்லு” என்பாள். எப்படித் தெரியும்? கலாமணி காதைத் தீட்டித் தீட்டிக் கேட்டிருக்கிறாள், அவளுக்கு எல்லாம் ஒரே தடதடதான். அம்மாவுக்கு மட்டும் அந்தத் தடதடவுக்குள்ளே ஓர் இழை கேட்டது. அப்படியானால் சத்தத்தைத் துடைக்கிறேன் என்று கிளம்புகிறவன் அந்த இழையையும் சேர்த்துத் துடைத்துவிட மாட்டானா? இதை அந்த யூட்யூப் பையனிடம் கேட்க முடியுமா. அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது, பாவம். முப்பத்தொன்பது. கலாமணி பொத்தானை ஒரு நூல் நகர்த்தினாள். இருக்கிறது. நாற்பது. கறுப்பு இருக்கிறது, சுற்றுக்கோடு இல்லை, வெறும் அழுக்கு மாதிரி. நாற்பத்தொன்று. ஒன்றுமில்லை, சுத்தமான பழுப்பு இறக்கை. மறுபடி முப்பத்தொன்பது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒளிந்து விளையாடுகிறதே சனியன், எட்டிப் பார்க்கிறது, உள்ளே போகிறது, எட்டிப் பார்க்கிறது. இந்த விளையாட்டிலேயே இருபது நிமிடம் போய்விட்டது.

ஆனால் புள்ளி தெரிந்துவிட்டால் அது வளையம் என்று ஆகிவிடுமா? ஆகாது. மணலைக் கொட்டினால் அதில் எங்காவது பிள்ளையாரும் தெரிவார், எதிர்வீட்டுக்காரி மூக்கும் தெரியும். அன்றைக்கு வெளிச்சம் என்ன வெளிச்சம்? ஆகஸ்ட் மாதம், சாயங்காலம் ஐந்து நாற்பது, மேகம் மரத்தின்மேல் வந்து உட்கார்ந்திருந்தது. குழுவோடு போனவர்கள் எல்லாரும் வேனுக்குத் திரும்பியாகிவிட்டது, யாரோ “மேடம், மேடம்” என்று கூப்பிடுகிறார்கள், இவள் ஓடைப் பக்கம் செருப்புக்குள் சேறு புகுந்த காலோடு நிற்கிறாள், அப்போது இலை ஒன்று சிறகை மூடியது. இலை என்றுதான் முதலில் நினைத்தாள். கேமராவைத் தூக்கினாள், அது ஒளியில்லை என்று சொல்லி, வெளிச்சத்தைக் கூட்டுகிற ஐ.எஸ்.ஓ. எண்ணை ஆறாயிரத்துக்கு மேலே ஏற்றிக்கொண்டது, அத்தனை ஏற்றினால் படம் ரவை ரவையாகத்தான் வரும் என்று தெரியும், வந்தால் வரட்டும். மூன்று தடவை அழுத்தினாள். முதலாவது கை ஆடிப்போனது. இரண்டாவது இந்தப் படம். மூன்றாவதில் வெறும் இலை. பத்துப் பன்னிரண்டு நொடிகூட இருக்காது. அதற்குள் நெஞ்சு அடித்த அடி இருக்கிறதே, கல்யாணத்தன்றைக்குக்கூட அப்படி அடிக்கவில்லை, இதை வீட்டுக்காரரிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார். வேனில் உட்கார்ந்து கேமராவின் திரையை அப்படியே செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்: இது என்னங்க? ரவை ரவையான படம். துடைக்காத படம். அதைப் பார்த்து முதலில் பதில் போட்டவர் குழந்தைவேல்.

அந்தப் பேரை இந்த நேரத்தில் நினைக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். நினைக்காமல் எப்படி இருப்பது, இந்தப் புள்ளியே அவருடைய புள்ளிதானே. ‘நால்வளையன்ங்க. நாலாவது கீழ்மூலையில, கடுகாட்டம்’ என்று போட்டார். ஈரோட்டில் சாயப்பட்டறையில் ஷேடு மாஸ்டர். கேட்டவர் கொடுத்த மாதிரித் துணிக்கும் காய்ந்து வருகிற துணிக்கும் நிறம் ஒத்துப்போகிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்கிற வேலை, முப்பது வருடமாக. மலையில் இரண்டு தடவை சேர்ந்து நடந்திருக்கிறார்கள். அதிகம் பேச மாட்டார், டிபன் பாக்ஸில் கொண்டுவந்த தக்காளிச் சோற்றை எல்லாருக்கும் ஒரு கரண்டி வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். வீட்டுக்கு வந்து கலாமணி படத்தை எழுபதில் துடைத்தாள். மூன்று வளையம், கண்ணாடி மாதிரி. போட்டாள். குழுவே கூத்தாடியது, மூவளையன், மூவளையன், வாழ்த்துக்கள் மேடம். குழந்தைவேல் மட்டும் மறுநாள், ‘முதல் படத்துல இருந்துச்சுங்களே’ என்றார். அது நாய்ஸ் சார் என்றாள். ‘இல்லீங்க, அதுக்கு மஞ்சச் சுத்து இருந்துது’ என்றார். இரண்டு வாரம் விடவில்லை மனுஷன். சண்டை போடுகிற ஆளும் இல்லை, கத்துகிற ஆளும் இல்லை, மூன்று நாளைக்கு ஒருதரம் வந்து ‘இருந்துச்சுங்க’ என்று ஒரு வரி. அந்த அமைதிதான் அவளை எரித்தது. கடைசியில் ஒருநாள், வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேபில் நாலு மணிக்கு டீ குடித்துக்கொண்டே கட்டைவிரலால் அடித்துப் போட்டாள்: ‘சாயத்தப் பாத்துப் பாத்து உங்க கண்ணுக்கே சாயம் ஏறிருச்சு போல சார். ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிருங்க.’ இருபத்து மூன்று பேர் சிரித்தார்கள். இருபத்து மூன்று மஞ்சள் மூஞ்சிகள், கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. அவளும் சிரித்தாள், அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், நன்றாகவே சிரித்தாள். ராத்திரி ஒரு பதில் வந்திருந்தது. ‘இருக்கலாங்க.’ அவ்வளவுதான். அடுத்த வாரம் பார்த்தால் குழுவில் ஆள் இல்லை.

இருக்கலாங்க. அந்தச் சொல்லை அவள் எத்தனையோ விதமாகப் படித்துப் பார்த்துவிட்டாள். கோபமாகப் படித்தால் கோபமாக இருக்கிறது, கேலியாகப் படித்தால் கேலியாக இருக்கிறது, ஆனால் அவர் குரலில் படித்தால் அது வெறும் இருக்கலாங்க. தன் கண் கெட்டுப்போயிருக்கலாம் என்று ஒரு மனுஷன் யோசித்து ஒத்துக்கொள்கிறது. இதில் கேவலம் என்னவென்றால், கண் டாக்டர் என்கிற நினைப்பு அவளுக்கு எங்கிருந்து வந்தது? அவளுக்கே அந்த வருடம் இரண்டு தடவை பவர் மாறியிருந்தது. நாற்பத்தாறு வயது, இருபத்திரண்டு வருடமாக மைக்ராஸ்கோப்புக்குள் குனிந்த கண். காலையில் முதல் ஸ்லைடை வைக்கும்போது ஒரு நொடி கலங்கலாகத் தெரியும், அந்த ஒரு நொடி கண் போய்விட்டதோ என்று நினைப்பாள், யாரிடமும் சொன்னதில்லை. தன் பயத்தைத் தூக்கி அந்த ஆள் தலையில் வைத்துவிட்டுச் சிரித்திருக்கிறாள். சரி, அது போகட்டும், புள்ளி வளையமாக இல்லாவிட்டால்? நாய்ஸாகவே இருந்தால்? அப்போது அவள் சொன்னதுதானே சரி, சொன்ன விதம் வேண்டுமானால் கொஞ்சம் காரம். கலாமணி சட்டென்று நிமிர்ந்தாள். ஆமாம், இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இருக்கிறதா இல்லையா. அதற்கப்புறம்தான் மற்ற எல்லாம்.

“ஏம்புள்ள, இன்னுமா அந்தப் பூச்சி?” வீட்டுக்காரர் சென்னியப்பன் எழுந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு பின்னால் வந்து நின்றார். கன்னத்தில் பாய்க்கோடு.

“ஏனுங்க, இதுல எத்தன வளையம் தெரியுது, பாத்துச் சொல்லுங்க.” அவள் பொத்தானைச் சுழியில் வைத்திருந்தாள்.

அவர் திரையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார். “உனக்கு எத்தன வேணும்?”

“வெளையாடாதீங்க. உங்களுக்கு எத்தன தெரியுது?”

“உனக்கு வேணுங்கறத சொல்லு புள்ள, அத்தனையும் தெரியுதுங்கறேன். பங்காளி வீட்ல எல்லாம் சொல்லியாச்சு, புஸ்தகத்துல பேரு வருதுன்னு. டீ இருக்குதா?”

“பிளாஸ்க்ல இருக்குது, ஊத்திக்குங்க.”

அவர் போனார். உனக்கு எத்தன வேணும். இந்த மனுஷனுக்கு வாயில் என்ன வருகிறது என்று தெரிந்துதான் பேசுகிறாரா? லேபில் ரத்த அணுக்களை எண்ணுகிற மெஷினும் தனக்கு வேண்டியதைத்தானே எண்ணுகிறது. டெங்கு சீசனில் ஒரு பிள்ளையின் ரத்தத்தை வைத்தால் பிளேட்லெட் பதினெட்டாயிரம் என்று துப்பியது. அப்பன்காரன் வாசலில் உட்கார்ந்து அழுகிறான், டாக்டர் ரத்தம் ஏற்பாடு பண்ணச் சொல்லிவிட்டார். கலாமணிதான் ஒரு நிமிஷம் இருங்க சார் என்று ஒரு சொட்டை எடுத்து ஸ்லைடில் இழுத்து, சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். பார்த்தால், அத்தனையும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. இத்துனூண்டாக ஒன்று இருந்தால்தான் மெஷினுக்கு அது பிளேட்லெட், ஒட்டிப் பெரிதாகிவிட்டால் அதன் கணக்கில் அது இல்லை. கையால் எண்ணினால் ஒரு லட்சத்து அறுபதாயிரம். அன்றிலிருந்து டாக்டர் யார் வந்தாலும் சொல்வார், எங்க கலாமணி மெஷின நம்பாது, ஸ்லைடு போட்டுத்தான் பார்க்கும். அந்தக் கலாமணிதான் இந்தக் கலாமணி! துடைத்துக் கொடுத்த படத்தைப் பார்த்து, கண் முன்னால் இருந்ததை நாய்ஸ் என்று சொன்னவள். ரத்தமென்றால் சந்தேகப்பட்டாள், பட்டாம்பூச்சி என்றதும் நம்பிவிட்டாள். ஏன்? மெஷின் அவளுக்கு வேண்டியதைச் சொன்னது, அதனால்தான். வேறு எந்த மயிரும் இல்லை.

அப்படியானால் இதற்கு ஸ்லைடு எது? கலாமணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். மணி மூன்று ஐந்து. வெளியே ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போகிறது. நாய்ஸ் என்பது கேமராவுக்குள்ளே நடக்கிற கூத்து, அதற்கும் இறக்கைக்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் கொட்டும். வளையம் அப்படியில்லை, அது பூச்சியோடு பிறந்தது, பூச்சி போகிற இடத்துக்கெல்லாம் போகும். ஆக, இன்னொரு படம் வேண்டும், அதே பூச்சி, அதே பக்கம். மூன்றாவதில் வெறும் இலை. முதலாவது கை ஆடியது. கை ஆடியது. ஆடியது! அவள் நாற்காலி கிறீச்சிட முன்னால் நகர்ந்தாள். அந்தப் படத்தை அவள் ஒருநாளும் திறந்ததில்லை, ஆனால் அழிக்கவுமில்லை, எதையும் அழிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை, பிரிட்ஜில் போன தீபாவளிச் சட்னிகூட இருக்கும். தேடினாள். ஆகஸ்ட், பதினேழு, முதலாவது. திறந்தது. அலங்கோலம். பூச்சி ஒரு பழுப்புத் தீற்றல், இலை ஒரு பச்சைத் தீற்றல். நாலு மடங்கு பெரிதாக்கினாள். பெரிய வளையம் சாய்வாக இழுபட்டிருந்தது, இடது மேலிருந்து வலது கீழாக, கண்மையை விரலால் தேய்த்த மாதிரி. இரண்டாவது, அதே சாய்வு, அதே நீளம். மூன்றாவது, அதே. கை எந்தப் பக்கம் ஆடியதோ அந்தப் பக்கம் எல்லாம் இழுபட்டிருக்கின்றன. மணல் மட்டும் இழுபடவில்லை. அது குத்துக் குத்தாக, உருண்டையாக, அப்படியே இருக்கிறது, அதற்குக் கை ஆடினது எப்படித் தெரியும், அது கேமராவுக்குள்ளேயே இருக்கிற சங்கதி. எத்தனை சுலபம்! ஒரு புள்ளி உருண்டையாக நின்றால் நாய்ஸ், இழுபட்டிருந்தால் இறக்கை. சுட்டு விரலைத் திரையில் வைத்துக் கீழோரமாக மூலைக்கு நகர்த்தினாள். உருண்டையாக இரு, உருண்டையாக இரு என்று ஒரு குரல் உள்ளே வேண்டிக்கொண்டது, இன்னொரு குரல் சும்மா இரு, பார்க்க விடு என்றது.

இழுபட்டிருந்தது. அரை மில்லிமீட்டர் இருக்குமோ என்னவோ, ஆனால் அதே சாய்வு, இடது மேலிருந்து வலது கீழாக. கறுப்பும் இழுபட்டிருந்தது, அதைச் சுற்றின வெளிறலும் கூடவே இழுபட்டிருந்தது. நால்வளையன்.

முதலில் வந்தது சந்தோஷம், சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கண்டுபிடித்துவிட்டேன் என்று கையைத் தட்டப் போனாள். மூவளையன் என்று பேர் வந்த அன்றைக்குக்கூட இப்படி இருக்கவில்லை, அன்றைக்கு வந்தது பெருமை, இது வேறு, இது அந்த ஸ்லைடில் கொத்துக் கொத்தாகப் பார்த்தபோது வந்தது. தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். தட்டப் போன கை பாதியில் நின்றது. அப்புறம்தான் அந்தப் பக்கம் காலியானது, முழுப் பக்கம், முதல் பதிவு, பள்ளிபாளையம். அப்புறம் லேபில் டாக்டர் எல்லாருக்கும் வாங்கிக்கொடுத்த ஜாங்கிரி. அப்புறம் இருபத்து மூன்று மஞ்சள் மூஞ்சிகள். யாருக்குத் தெரியப்போகிறது? எழுபதில் துடைத்து அனுப்பினால் மூன்றுதான். ஒரிஜினல் அழிந்துபோச்சு சார் என்றால் நந்தகுமார் சார் நம்புவார், கம்ப்யூட்டர் விஷயத்தில் யார் என்ன சொன்னாலும் அவர் நம்புவார். நாளைக்கே இன்னொருத்தி நிஜமாகவே மூவளையனை அங்கே பார்த்தாலும் பார்க்கலாம். இப்படி எல்லாம் அடுக்கிக்கொண்டே போன மனசு, ஓர் இடத்தில் வந்து மடேரென்று முட்டிக்கொண்டது. புத்தகம் வரும், குழந்தைவேல் ஒன்று வாங்குவார், குழுவில் இல்லாவிட்டாலும் வாங்குவார், அந்தப் பக்கத்தைத் திருப்பி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தூரமாகப் பிடித்து, மறுபடி கிட்டே கொண்டுபோய் எண்ணுவார். மூன்று என்று எண்ணிவிட்டு மூடி வைப்பார். ஐயோ, வேண்டாம். அது மட்டும் வேண்டாம்.

நந்தகுமார் சாரை அழைத்தபோது மணி மூன்று முப்பத்தைந்து.

“சார், அது மூவளையன் இல்லீங்க. நால்வளையன். நான் தொடச்ச தொடப்புல ஒரு வளையம் போயிருச்சு.”

“என்னங்க மேடம் சொல்றீங்க? பக்கமெல்லாம் கட்டியாச்சு.”

“அந்தப் பக்கத்த எடுத்துருங்க சார்.”

“சரி, அதே படத்த நால்வளையன்னு போட்டுக்கலாம்னா, அதுக்கு ஏற்கெனவே வேற ஒருத்தர் படம் இருக்குதுங்களே. உங்க பேரு எங்கயும் வராதுங்க.”

“வராட்டிப் போகுதுங்க.” சொல்லிவிட்டாள். அழுகை வந்தால் வரட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள், வரவில்லை. குழுவில் எழுதினாள்: ‘என் தப்பு. நாலு வளையம் இருக்கிறது. குழந்தைவேல் சார் முதல் நாளே பார்த்துச் சொன்னார். நான் கேட்கவில்லை. அவரைப் பேசினது அதைவிடத் தப்பு.’ அனுப்பினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு கும்பிடு வந்தது, இன்னொரு கும்பிடு. இதெல்லாம் சுலபம், இந்தக் குழுவில் இல்லாத ஆளுக்கு இது எப்படிப் போய்ச் சேரும்? நம்பர் இருக்கிறது. தக்காளிச் சோறு கொண்டுவந்த அன்றைக்குப் பதிந்துவைத்த நம்பர். கூப்பிட்டு என்ன சொல்வது, மன்னிச்சிருங்க என்றா, அந்தச் சொல் இப்போதெல்லாம் பஸ்ஸில் காலை மிதித்தவன் சொல்கிற சொல். பேசாமல் படத்தை மட்டும் அனுப்பிவிடலாமா? அது இன்னும் கோழைத்தனம். நீ பேசின பேச்சுக்கு நீதாண்டி கூப்பிடணும் என்று தன்னையே திட்டிக்கொண்டு, அழைப்பை அழுத்திவிட்டு, எடுக்காமல் போகட்டும் சாமி என்றும் வேண்டிக்கொண்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

“கலாமணிங்களா? சொல்லுங்க, நல்லாருக்கீங்களா?”

அந்தக் குரலில் ஒன்றுமே இல்லை, பழைய அதே குரல். அதுதான் தாங்க முடியவில்லை. “சார், நாலு இருக்குதுங்க” என்றாள்.

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதைச் சின்னதாக்கினார்கள்.

“இன்னிக்குத்தான் ஒரிஜினலப் பாத்தனுங்க. கீழ்மூலையில. நீங்க சொன்ன எடத்துலயே. கை ஆடுன படத்துலகூட இருக்குது. நான் தொடச்சதுல போயிருச்சு, நான்தான் அது நாய்ஸுன்னு... சார், உங்களப் பேசிப்போட்டேன். அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க.”

வைத்துவிட்டாரோ என்று செல்லைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இல்லை, நொடி ஓடிக்கொண்டிருந்தது.

“டாக்டர்கிட்ட போனனுங்க” என்றார் குழந்தைவேல். “ரெண்டு டாக்டரு. கண்ணுல ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னாங்க. ஆனா பாருங்க, மனசு கேக்கலீங்க. இல்லாத ஒண்ண மஞ்சச் சுத்தோட பாத்திருக்கறனே, அப்ப துணியிலயும் என்னத்த எல்லாம் பாக்கறமோன்னு. இப்பெல்லாம் ஒரு ஷேடு ஓக்கே சொல்றதுக்கு முன்னால, பக்கத்துல இருக்கற ஆள்கிட்ட, உனக்கு எப்படிப்பா தெரியுதுன்னு கேட்டுப்போட்டுத்தான் சொல்றது. மொதலாளிகூட கேட்டாரு, ஏன் மாஸ்டர், முன்னெல்லாம் இப்படிக் கேக்க மாட்டீங்களேன்னு.”

திரையில் அந்த மூலை தெரிந்துகொண்டிருந்தது, கறுப்பு, சுற்றிலும் அந்தக் கோடு.

“மஞ்சச் சுத்து இருக்குதுங்களா அதுக்கு?” என்றார் அவர். குரல் மெதுவாகிவிட்டிருந்தது.

“இருக்குதுங்க.”

“என்ன மஞ்சளுங்க?”

அவள் பார்த்தாள். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள். “எனக்குச் சொல்லத் தெரியலீங்க சார். மஞ்சள்னுதான் தெரியுது. நீங்க பாத்துச் சொல்லுங்க. அனுப்பட்டுங்களா?”

“அனுப்புங்க” என்றார்.

பொத்தான் சுழியில் இருந்தது. அதைத் தொடாமல், ரவை ரவையாக இருந்தது இருந்தபடியே, படத்தை எடுத்து அனுப்பினாள். இரண்டு கோடு விழுந்தது, நீலமானது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. சென்னியப்பன் டீ டம்ளரோடு வந்து, “என்னாச்சு, அனுப்பிட்டியா?” என்றார், அவள் கையைக் காட்டி இருங்க என்றாள். ஐந்து நிமிடம். ஏழு நிமிடம். எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. நாலு மணி அடித்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

‘எலுமிச்ச மஞ்சள்ங்க. நல்லா வெளுத்தது. ஒரு பொட்டு பச்சை கலந்திருக்குது’ என்று வந்தது. அதன் கீழே இன்னொரு வரி.

‘பக்கத்துல யார்கிட்டயும் கேக்கலீங்க.’